விதாலி அபலகோவ்: கைவிரல்களை இழந்த ஒரு பொறியாளர் மலைக்குத் திரும்பிய கதை

1936 செப்டம்பர் 5 அன்று தியான்ஷான் மலைத்தொடரின் கான் தெங்ரி சிகரத்தை ஐந்து பேர் எட்டினார்கள். விதாலி அபலகோவ், அவருடைய தம்பி எவ்கேனி, மிகயீல் தாதியோமொவ், லியோனித் குத்மன், சுவிட்சர்லாந்துக்காரரான லோரென்ஸ் சலாதின். உச்சியில் கிடக்கும் பனியையும் சேர்த்து அளந்தால் கான் தெங்ரி 7,010 மீட்டர். இறங்கும் வழியில் புயலும் கடுங்குளிரும் அவர்களைப் பிடித்துக்கொண்டன. சலாதினின் பனிக்கடிப் புண்கள் சீழ்பிடித்து ரத்தத்தில் நஞ்சேறி, ஊர் திரும்பும் வழியிலேயே அவர் இறந்தார். தாதியோமொவுக்குக் கைகால்களில் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. முப்பது வயதான விதாலி பல கைவிரல்களின் கணுக்களையும் இடது பாதத்தின் ஒரு பகுதியையும் இழந்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1956 ஆகஸ்ட் 30 அன்று, அதே மலைத்தொடரின் மிக உயரமான பபேதா சிகரத்தில் (7,439 மீட்டர்) அதே மனிதர் பத்துப் பேருடன் நின்றார். அந்த அணிக்கு அவர்தான் தலைவர். அனைவரும் உயிரோடு இறங்கினார்கள். இரண்டு ஏற்றங்களுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதே இந்த ஆய்வு. மன உறுதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். மன உறுதி 1936-லும் அவரிடம் குறைவாக இருக்கவில்லை. மாறியது முறை. எந்த இடத்தில் உடல்வலு தாக்குப்பிடிக்காதோ அந்த இடத்தில் வடிவமைப்பை வைப்பது, மலைக்கு எதிராகப் பொருளைச் சுமந்து போவதைவிட மலையிலிருந்தே பொருளை எடுத்துக்கொள்வது. அவர் பெயரைத் தாங்கி இன்றும் புழங்கும் கருவிகளையும் உத்திகளையும் பிரித்துப் பார்த்தால் இந்த எண்ணமே அடியில் இருக்கிறது.

பாறையிலிருந்து பட்டறைக்கு

சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்க் நகரை ஒட்டி ‘ஸ்தொல்பி’ என்ற பாறைத் தூண்கள் காட்டுக்கு மேலே எழுந்து நிற்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகள் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, பெரும்பாலும் கயிறே இல்லாமல் அவற்றில் ஏறுவார்கள். 1906-ல் பிறந்த விதாலியும் 1907-ல் பிறந்த எவ்கேனியும் பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய பள்ளிக்கூடம் இந்தத் தூண்கள். ரப்பர் அடிப்பாகத்துக்கும் சொரசொரப்பான பாறைக்கும் இடையிலான உராய்வை மட்டும் நம்பி நிற்கப் பழகியவர், பிற்காலத்தில் உராய்வையே மூலப்பொருளாகக் கொண்டு ஒரு கருவியை வடிவமைத்தார். அதைப் பின்னால் பார்ப்போம்.

இருவரும் மாஸ்கோ போனார்கள். எவ்கேனி சிற்பி ஆனார். விதாலி மெண்டெலீவ் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியல் படித்தார். 1931-ல் காக்கசஸின் பெசெங்கி பகுதியில், பின்னாளில் விதாலியின் மனைவி என்று அறியப்பட்ட வலெந்தினா செரெதோவாவுடன் அண்ணன் தம்பி இருவரும் திக்-தாவ் (5,205 மீட்டர்) ஏறினார்கள். 1933-ல் எவ்கேனி பாமிரில் அன்றைக்கு ஸ்தாலின் சிகரம் எனப்பட்ட 7,495 மீட்டர் உச்சியைத் தனியாளாகத் தொட்டார். அடுத்த ஆண்டு விதாலி லெனின் சிகரத்தில் (7,134 மீட்டர்) ஏறிய மூவரில் ஒருவர். கான் தெங்ரிக்குப் போகும்போது இவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. அனுபவக் குறைவைக் காரணம் காட்ட முடியாது.

1936-ல் என்ன பிசகியது

பருவம் முதல் காரணம். மத்திய தியான்ஷானில் செப்டம்பர் பிறந்துவிட்டால் கோடை முடிந்த மாதிரிதான். ஏழாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. மூச்சு வேகமாவதால் உடலின் நீர் வெளியேறுகிறது, அடுப்பில் பனியை உருக்கும் அளவுதான் குடிக்கக் கிடைக்கிறது, ரத்தம் தடிக்கிறது. உடல் நெஞ்சையும் மூளையையும் காப்பாற்றக் கைகால் நுனிகளுக்கான ஓட்டத்தை அடைக்கிறது. இதற்கு மேல் அந்தக் காலத்துக் காலணி: அடியில் இரும்பு ஆணி அடித்த தோல் பூட்ஸ். பனியில் பிடிப்புத் தருகிற அதே ஆணி, பாதத்தின் சூட்டையும் வெளியே கடத்துகிறது. வியர்வையில் நனைந்த தோல் இரவில் விறைத்து, காலையில் கால் நுழைய மறுக்கும்.

இவற்றைவிட முக்கியம் தங்குமிடம். உயரத்தில் புயல் பிடித்தால் கூடாரத் துணி காற்றை மறைக்குமே தவிர, குளிரை மறைக்காது. விழும் பனி துணியை அழுத்தும், கிழிக்கும், புதைக்கும். 1955-ல் இதே பபேதாவில் கஜக் அணியின் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் புயலில் மாண்டார்கள். அடுத்த ஆண்டு அந்த மலைக்கு அணியை அழைத்துப் போகும் தலைவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, எப்படி ஏறுவது என்பது அல்ல. ஒரு வாரம் புயல் அடித்தால் எதற்குள் உட்கார்ந்திருப்பது என்பதுதான்.

இடையில் போன இரண்டு ஆண்டுகள்

காயம் ஆறி வரும்போது 1938 பிப்ரவரியில் ரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்தது. ஜெர்மனிக்கு உளவு பார்த்தார், மேற்கத்திய மலையேற்ற முறைகளைப் புகழ்ந்து பரப்பினார் என்பன குற்றச்சாட்டுகள். அந்த ஆண்டுகளில் சோவியத் மலையேறிகள் பலர் இப்படிப் பிடிபட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. விதாலி 1940-ல் விடுதலையானார். 1948-ல் தம்பி எவ்கேனி மாஸ்கோவில் ஒரு வீட்டில் எரிவாயு நச்சேறி இறந்தார். விதாலி மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. ‘ஸ்பார்தக்’ விளையாட்டுச் சங்க அணிக்குத் தலைமை ஏற்று, சோவியத் ஒன்றிய மலையேற்றச் சாம்பியன் பட்டங்களைத் திரும்பத் திரும்ப வென்றார்.

பிழைப்புக்கு அவர் செய்தது உடற்பயிற்சி அறிவியல் ஆய்வகத்தில் கருவிகள் வடிவமைக்கும் வேலை. விளையாட்டுத் துறையில் அவர் பெயரைச் சொல்பவர்களில் பாதிப்பேர் மலைப்பக்கமே போகாதவர்கள். செங்குத்தாகக் குதிக்கும் உயரத்தை அளக்கும் ‘அபலகோவ் சோதனை’ அவருடையது. இடுப்புப் பட்டையில் அளவுநாடாவின் ஒரு முனையைக் கட்டி, மறுபக்கத்தைத் தரையில் ஒரு பிடிப்பானுக்குள் நுழைத்து, கைவீசிக் குதிக்கச் சொல்வது. குதிக்கும்போது உருவிக்கொண்ட நாடாவின் நீளமே உயரம். நாடா தொடக்கத்தில் தொய்வாக இருந்தால் அளவு குறையும். குதித்தவர் முன்னால் தள்ளி இறங்கினால் நாடா சாய்ந்து அளவு கூடும். செலவில்லாத இந்த ஏற்பாடு கொடுப்பது தெளிவான ஓர் எண், தவறு வரும் இடங்களும் வெளிப்படையாகத் தெரியும். அவருடைய எல்லா வடிவமைப்புக்கும் இந்தக் குணம் உண்டு.

பபேதா, 1956: பனிக்குள் வீடு

ஸ்வெஸ்தோச்கா பனியாற்றுப் பக்கமிருந்து ஏறிய அணி, மேல் முகாம்களுக்குப் பனிக்குகைகளைத் தோண்டியது. இதற்கு அதிகமாகத் தேவைப்படுவது மண்வெட்டியும் நேரமும். மூன்று நான்கு பேர் தங்க ஒரு குகை தோண்ட இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். வெளியே எத்தனை டிகிரி இறங்கினாலும் உள்ளே உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும், ஏனென்றால் பனியில் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. காற்றுச் சத்தம் கேட்காது. கூடாரத்தில் தூங்க முடியாத இரவில் இங்கே தூங்கலாம், பனியுருக்கிக் குடிக்கலாம், காலணியைக் காயவைக்கலாம். விரல் இழந்த மனிதர் இதை வலியுறுத்தியதில் வியப்பில்லை.

குகை சரியாக அமையச் சில அளவுகள் உண்டு. காற்றடித்து இறுகிய சரிவில், துழாவும் கம்பி இரண்டு மீட்டராவது இறங்கும் ஆழம் இருக்க வேண்டும். நுழைவுவாயில், படுக்கும் மேடையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கனமான குளிர்காற்று வழிந்து வெளியேற அதுதான் வழி. பலர் பிசகுவது இதில்தான்: அலுப்பில் மேடையை வாயில் மட்டத்திலேயே விட்டுவிடுவார்கள், இரவு முழுக்க நடுங்குவார்கள். கூரையை வளைவாக, வழவழப்பாகச் செதுக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முனையும் சொட்டும் இடம். கூரைக்கனம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு காற்றுத்துளை கட்டாயம். அடைபட்ட குகையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். துளையில் ஒரு கழியைச் செருகி வைத்து அவ்வப்போது அசைத்துவிட வேண்டும். மண்வெட்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே தூங்கப் போவது பெரிய பிழை. விடியும்போது வாயில் மூடியிருக்கும், தோண்டும் கருவி மறுபக்கத்தில் கிடக்கும்.

தோண்டுகிறவர் வியர்வையிலும் பனித்தூளிலும் நனைவார் என்பது குகையின் ஒரே பெரிய கேடு. அதற்குத்தான் முறை வைத்துக்கொண்டு தோண்டுவது, உள்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோண்டுவது. பதினோரு பேரும் உச்சிக்குப் போய் பதினோரு பேரும் திரும்பியதற்கு நல்ல வானிலையும் ஒரு காரணம்தான். ஆனால் நல்ல வானிலை வரும்வரை உடல் கெடாமல் காத்திருக்க முடிந்தது குகையால்.

சுருள்விளிம்புத் தகடு

ஏறுகிறவர் விழுந்தால் கயிற்றைத் தாங்க, பாறை வெடிப்பில் பொருத்தும் பிடிமானம் அபலகோவ் கேம். பார்க்க ஒரு சிறிய உலோகத் தகடு. ஒரு விளிம்பு வளைவு, அதில் கோத்த ஒரு ஸ்லிங் (நாடா வளையம்). பாறை வெடிப்புக்குள் செருகி ஸ்லிங்கை இழுத்தால் தகடு சுழன்று இரு சுவர்களையும் அழுத்தும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். சுத்தியல் தேவையில்லை, பாறையில் வடு விழாது.

வளைவின் வடிவத்தில்தான் பொறியாளரின் மூளை இருக்கிறது. வட்டத் தகட்டை மையம் விலக்கித் தொங்கவிட்டாலும் வெடிப்பில் பிடிக்கும். ஆனால் ஓர் அகலத்தில் பிடிக்கும், சற்றே வேறான அகலத்தில் வழுக்கும். காரணம், சுவரைத் தொடும் புள்ளியையும் அச்சையும் இணைக்கும் கோடு, சுவருக்குச் செங்குத்தான கோட்டோடு ஆக்கும் கோணம் நிலைக்கு நிலை மாறுகிறது. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட், உலோகத்துக்கும் பாறைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தைத் தாண்டினால் வழுக்கல் உறுதி. கோணம் எந்த நிலையிலும் மாறாத ஒரே வளைவு மடக்கைச் சுருள் (logarithmic spiral). விளிம்பை அந்தச் சுருளில் வெட்டினால், வெடிப்பு குறுகலோ அகலமோ, பிடிப்பு ஒன்றே.

எந்தக் கோணம் என்பது சமரசம். பிற்காலத்தில் ரே ஜார்டின் தன் ‘ஃப்ரெண்ட்’ கருவிக்குத் தேர்ந்தது 13.75 டிகிரி. அதன் டேன்ஜென்ட் ஏறக்குறைய 0.245. இரு சுவர்களும் சுமையைப் பாதிப் பாதியாகத் தாங்கினால், ஒவ்வொரு சுவர் மீதும் விழும் அழுத்தம் சுமையைப் போல இரு மடங்கு. கோணத்தை 5 டிகிரிக்குக் குறைத்தால் ஈரப் பாறையிலும் வழுக்காது. ஆனால் அழுத்தம் ஆறு மடங்கை நெருங்கும், மெலிந்த பாறைச் செதிள் பெயர்ந்துவிடும். மேலும் கால்சுற்றுச் சுழற்சியில் ஆரம் 15 விழுக்காடுகூட வளராது, ஒரு தகடு ஒரே அகலத்துக்குத்தான் உதவும். 13.75 டிகிரியில் அதே கால்சுற்று 47 விழுக்காடு வளர்ச்சி தருகிறது.

அபலகோவ் தகட்டின் குறை, அதில் வில் இல்லாதது. சுமை இல்லாத நேரத்தில் அது சும்மா கிடக்கும். ஏறுகிறவர் மேலே போகப் போகக் கயிறு அசைத்து அசைத்துத் திருப்பி வெளியே எடுத்துவிடும். வைக்கும்போதும் ஒரு கையால் சுழற்றி இறுக்கிக்கொண்டே மறு கையால் கயிற்றை மாட்ட வேண்டும். அமெரிக்கரான கிரெக் லோ வில் பொருத்தி 1973-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விண்வெளித் துறைப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு மலைக்கு வந்த ஜார்டின், எதிரெதிராகச் சுழலும் நான்கு தகடுகளையும், அவற்றை விரலால் இழுத்துச் சுருக்கும் ஓர் இழுப்பானையும் சேர்த்தார். 1978-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று பாறையேறிகள் இடுப்பில் தொங்கவிடும் ஒவ்வொரு கேமிலும் அந்தச் சுருள் இருக்கிறது.

பனியில் இரண்டு துளைகள்

எல்லாவற்றிலும் எளியது, எனவே என் மதிப்பில் எல்லாவற்றிலும் சிறந்தது, அபலகோவ் கண்ணி. உறைபனிச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். இறங்கியபின் கயிறு கைக்கு வர வேண்டும். விலை உயர்ந்த ஐஸ் ஸ்க்ரூவை (பனியில் திருகிப் பொருத்தும் குழாய் ஆணி) ஒவ்வோர் இறக்கத்துக்கும் விட்டுவிட்டுப் போக முடியாது. அவருடைய விடை: பனியில் ஒன்றையொன்று சந்திக்கும் இரண்டு துளைகள், ஊடே ஒரு துண்டுக் கயிறு. மலையில் விட்டுச் செல்வது அந்தத் துண்டு மட்டுமே.

இன்றைய முறைப்படி: 21 அல்லது 22 சென்டிமீட்டர் நீள ஸ்க்ரூ ஒன்று, 7 மில்லிமீட்டர் நைலான் துணைக்கயிறு ஒன்றரை மீட்டர், கம்பிக்கொக்கி ஒன்று, கத்தி ஒன்று. செய்கிறவர் முதலில் வேறொரு ஸ்க்ரூவில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பொருக்குப் பனியையும் வெள்ளைப் பனியையும் கோடரியால் தட்டி எடுத்து, கெட்டியான நீலப் பனி தெரியும்வரை போக வேண்டும். முதல் துளை பரப்போடு 60 டிகிரி சாய்வில், பக்கவாட்டில். ஸ்க்ரூவை வெளியே எடுத்து, பனிமேல் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, அதன் நீளத்துக்குச் சமமான தொலைவில் இரண்டாவது புள்ளியைக் குறிக்க வேண்டும். அங்கிருந்து எதிர்ச்சாய்வில் அதே 60 டிகிரி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் என்பதால் இரண்டும் ஆழத்தில் சந்திக்கும். குறி தப்பாமலிருக்க முதல் துளையில் இன்னொரு ஸ்க்ரூவைப் பாதி நிறுத்தி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே திருகுவது நல்லது.

ஆழம்தான் உயிர். பக்கம் 20 சென்டிமீட்டர் என்றால் சந்திப்பு 17 சென்டிமீட்டர் ஆழத்தில் விழும். கயிறு வளைத்துப் பிடித்திருக்கும் பனியின் பரப்பு சுமார் 173 சதுர சென்டிமீட்டர். 13 சென்டிமீட்டர் ஸ்க்ரூவில் அதையே செய்தால் ஆழம் 11, பரப்பு 73. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்குப் பனி பாதிக்கும் கீழே போய்விட்டது. குட்டை ஸ்க்ரூவில் கண்ணி போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

துளையை ஊதித் தூளை வெளியேற்றி, கயிற்றை ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கமிருந்து கொக்கியால் இழுக்க வேண்டும். இரு முனைகளையும் இணைக்க இரட்டை ஃபிஷர்மேன் முடிச்சு, வால்முனை குறைந்தது எட்டு சென்டிமீட்டர். கயிற்றைக் குட்டையாகக் கட்டக் கூடாது. இரு துளைகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்றால், தொங்கும் புள்ளி 17 சென்டிமீட்டராவது கீழே இருந்தால்தான் கோணம் 60 டிகிரிக்குள் நிற்கும். அப்போது ஒவ்வொரு பக்கமும் சுமையில் 58 விழுக்காட்டைத் தாங்கும். கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் முழுச் சுமையையும் சுமக்கும். துளைவாய் விளிம்புகளைக் கோடரி முனையால் உருட்டிவிட வேண்டும், கூர்விளிம்பு நைலானை அறுக்கும்.

பிறகு இறங்கு கயிற்றைக் கண்ணியில் கோத்து, தனியாக ஒரு ஸ்க்ரூவைச் சற்றே தொய்வோடு காப்பாக இணைக்க வேண்டும். எடை கூடியவர் முதலில் இறங்குவார், மேலே நிற்பவர் கண்ணியைக் கவனிப்பார்: விரிசல், நொறுங்கல், முடிச்சின் நகர்வு. ஒன்றும் இல்லையென்றால் எடை குறைந்தவர் காப்பு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு கடைசியாக இறங்குவார். இந்த வரிசையை மாற்றினால் சோதனை என்பதே இல்லாமல் போகும்.

துளைகள் சந்திக்காமல் போவது அடிக்கடி நடக்கும். மூன்றாவது துளையை அருகிலேயே போட்டுச் சரிக்கட்டக் கூடாது, இடம் மாற்றிப் புதிதாகத் தொடங்க வேண்டும். திருகும்போது எதிர்ப்பு திடீரென்று குறைந்தால் உள்ளே காற்றுப்பை. வெயில்படும் சுவரில் கயிற்றின் நிறமே சூட்டை வாங்கிப் பனியை உருக்கும். மற்றவர் விட்டுப்போன கண்ணியைக் கண்டால் முடிச்சை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஒவ்வொரு முறை இறங்கு கயிறு உருவப்படும்போதும் நைலான்மேல் நைலான் தேய்ந்து உருகி, கண்ணியின் உட்புறத்தில் பளபளப்பான பள்ளம் விழுந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். அப்படி இருந்தால் அறுத்து எடுத்துவிட்டு, பனி நல்லதாக இருந்தால் அதே துளையில் புதுக் கயிறு கோக்கலாம்.

அவர் காலத்துக்குப் பின் இரண்டு திருத்தங்கள் வந்தன. துளைகளைப் பக்கவாட்டில் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் முறை ஒன்று. சோதனைகளில் இது நன்றாகவே தாங்குகிறது, ஒடுங்கிய பனித்தூணிலும் இடம் கிடைக்கும். இன்னொன்று, துணைக்கயிறே இல்லாமல் இறங்கு கயிற்றையே துளைக்குள் கோப்பது. மலையில் எதுவும் மிஞ்சாது. ஆனால் நனைந்த கயிறு துளைக்குள்ளேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும், கீழே நின்று எவ்வளவு இழுத்தாலும் வராது. எனவே முதல் ஆள் இறங்கியவுடன் கயிற்றை ஒரு முழம் இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால், மேலே ஆள் இருக்கும்போதே ஏழு மில்லிமீட்டர்த் துண்டைக் கோத்து அபலகோவ் செய்தபடியே செய்துவிட வேண்டும்.